புதுப்பிப்பு: லேபர் கசந்துவிட்டது, 1 யாருக்கு?

ஆஸ்திரேலியாவில் வாக்குச் சீட்டில் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண் போட வேண்டும். லேபர் கட்சி மீது நம்பிக்கை போன இடதுசாரிகள் கிரீன்ஸ் கட்சிக்கு 1 போட்டால், லேபரின் எதிர்த்தரப்பான லிபரல் கட்சிக்கு லாபமா என்று முன்பு கேட்டிருந்தேன். கீழவைத் தேர்தலில் அந்தப் பயம் வீண். கிரீன்ஸ் வேட்பாளர் குறைந்த வாக்கு பெற்று எண்ணிக்கையிலிருந்து விலக்கப்பட்டால் வாக்கு முழு மதிப்போடு அடுத்த எண்ணுக்குப் போகும். லிபரலுக்கு மேலே லேபரை வைத்தால் போதும்.

தேர்தலுக்குப் பின் கட்சிகளுக்குத் தரும் அரசு நிதியும் 1 போட்ட வாக்குகளைப் பார்த்துத்தான், அவை 4% எட்டினால். லேபருக்கு உறைக்கும் இடம் இதுதான்.

கீழவைக்கான பச்சைச் சீட்டில் எல்லாக் கட்டத்துக்கும் எண் போடுங்கள். வெறும் டிக் செல்லாது. மேலவையான செனட்டின் வெள்ளைச் சீட்டில் கோட்டுக்கு மேலே கட்சிகளுக்குக் குறைந்தது 6 எண்கள், அல்லது கீழே வேட்பாளர்களுக்குக் குறைந்தது 12. அந்த ஆறும் சின்னக் கட்சிகளுக்கே போனால் அவை எல்லாம் விலக்கப்பட்டபின் வாக்கு யாருக்கும் போகாமல் நடுவழியில் தீர்ந்துபோகலாம். லேபரையும் எங்காவது சேருங்கள். எப்படி எண் போடுவது என்று வாக்குச்சாவடி வாசலில் நீட்டும் துண்டறிக்கை கட்சியின் ஆசை மட்டுமே. எண் பிசகினால், பெட்டியில் போடுமுன் புதுச் சீட்டு கேட்கலாம்.