வைல்டு கார்டு: தமிழில் என்ன சொல்லலாம்?

இ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான விளையாட்டு நூலொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க பேஸ்பால் இயலில் ‘வைல்டு கார்டு’ என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

1993-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 103 ஆட்டங்கள் வென்றும், அதே பிரிவில் அட்லாண்டா பிரேவ்ஸ் 104 வென்றதால் வீட்டுக்குப் போனது; பிரிவில் முதலிடம் பெற்ற அணி மட்டுமே அப்போது கோப்பைச் சுற்றுக்குப் போகும். மறு ஆண்டு, அணிகள் பிரிந்து ஆடும் இரண்டு லீகுகளில் ஒவ்வொன்றையும் மூன்று பிரிவாக்கி, பிரிவை வெல்லாத அணிகளில் சிறந்த ஒன்றுக்கும் இடம் வைத்தார்கள். அந்த இடம்தான் வைல்டு கார்டு. 1994-இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் கோப்பைச் சுற்றே நடக்கவில்லை. 1995-இல் நியூயார்க் யாங்கீஸும் கொலராடோ ராக்கீஸும் முதன்முதலில் அவ்வழியே நுழைந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும் சொல் வேண்டும்.

சௌ. எழுதியது:

துருப்புச்சீட்டு. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மா. எழுதியது:

கூடவே கூடாது, ஐயா. துருப்பு மற்றச் சீட்டுகளை வெட்டும். வைல்டு கார்டு வேறொரு சீட்டின் இடத்தில் நிற்கும். ரம்மியில் அது ஜோக்கர். தவிர, துருப்பு டச்சுக்காரர் தந்த சொல்.

சௌ. எழுதியது:

போர்த்துக்கீசியம் என்றல்லவா படித்திருக்கிறேன்?

மா. எழுதியது:

இல்லை. ‘கிளாவர்’ என்று சீட்டாட்டத்தில் சொல்கிறோமே, அதன் உருவம் டச்சோடுதான் ஒத்துப்போகிறது. சீட்டுப் பெயர்கள் அந்த வழியில் வந்திருந்தால் துருப்பு மட்டும் ஏன் வேறு கப்பலில் வரவேண்டும்?

இ. எழுதியது:

நண்பர்களே, வெள்ளிக்கிழமை.

க. எழுதியது:

‘சிறப்பு அனுமதி’ என்று எழுதலாமே? 2001 விம்பிள்டன் டென்னிசில் கோரன் இவானிசெவிச் அப்படி நுழைந்துதானே பட்டம் வென்றார்?

வே. எழுதியது:

டென்னிசில் அது போட்டி நடத்துபவர்கள் கொடுப்பது. அங்கே ‘அனுமதி’ பொருந்தும். பேஸ்பாலில் யாரும் யாருக்கும் சலுகை தருவதில்லை. 162 ஆட்டங்கள் ஆடி ஈட்டுகிறார்கள். 1997-இல் புளோரிடா மார்லின்ஸ் அந்த வழியில் வந்து, இறுதிக் கோப்பைத் தொடரான உலகத் தொடரை வென்ற முதல் அணியானது. 2002-இல் இறுதியில் மோதிய ஏஞ்சல்ஸ், ஜயன்ட்ஸ் இரண்டுமே அப்படி வந்தவை. அவர்களைச் சலுகை பெற்றவர்களாக மாணவர்களுக்குக் காட்டுவது அநியாயம்.

க. எழுதியது:

ஏற்கிறேன். அப்படியானால் ‘இரண்டாமிடத் தகுதி’?

வே. எழுதியது:

2011 வரை சரி. 2012-இல் லீகுக்கு இரண்டு இடமாயின. அவ்விரு அணிகளும் ஒரே ஆட்டத்தில் மோதி, வென்றது மட்டும் மேலே போகும். 2015-இல் செயின்ட் லூயிஸ் 100, பிட்ஸ்பர்க் 98, சிகாகோ கப்ஸ் 97 என்று ஒரே பிரிவில் வென்றன. மூன்றாவதாக வந்த கப்ஸும் தகுதி பெற்றது. பிட்ஸ்பர்க்கை அதன் மைதானத்திலேயே 4-0 என்று வீழ்த்தியது. 98 வெற்றிகளின் பயன் ஒரே இரவில் போயிற்று. அந்த ஒற்றை ஆட்ட முறை எனக்கு இன்றும் மனம் ஒப்பாத ஒன்று.

மா. எழுதியது:

என் முன்மொழிவு: புறனடை. இலக்கண நூல்களில் இயலின் இறுதியில், முன் சொன்ன விதிகளுக்குள் அடங்காதவற்றையும் தழுவிக்கொள்ள ஒரு நூற்பா வைப்பார்கள். பிரிவு வெற்றி என்ற விதிக்குள் அடங்காத அணியைத் தழுவுவதும் அதே வேலை. புறனடை இடம், புறனடை அணி, புறனடை ஆட்டம் என்று எல்லா வடிவமும் வரும். நம்மிடமே இருக்கும் சொல்லை எடுத்துப் புழங்காவிட்டால் அது உரைநூல்களோடு நின்றுவிடும்.

சௌ. எழுதியது:

அழகான சொல்தான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் புறனடையை விளக்கி, பிறகு பேஸ்பாலை விளக்க வேண்டும். நன்னூலின் கடைசி நூற்பா, பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல்ல என்கிறது. வைல்டு கார்டையும் அப்படிப் புகவிடுங்கள். செய்தித்தாள்களில் ஏற்கெனவே புகுந்துவிட்டது.

மா. எழுதியது:

அந்த நூற்பாவே ஒரு புறனடைதான், ஐயா!

வே. எழுதியது:

மா. அவர்களின் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தடை. 2012 முதல் 2021 வரை, 2020 நீங்கலாக, வைல்டு கார்டு சுற்று ஒற்றை ஆட்டம். 2021-இல் 106 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸும் அதை ஆட வேண்டியதாயிற்று, ஏனென்றால் ஜயன்ட்ஸ் 107 வென்றிருந்தது. 2022 முதல் லீகுக்கு மூன்று இடம். மூன்று ஆட்டத் தொடர். அந்தத் தொடரில் பிரிவை வென்ற மூன்று அணிகளில் கடைசியானதும் ஆடியாக வேண்டும். அவ்வாண்டு செயின்ட் லூயிஸ் பிரிவை வென்றும் இச்சுற்றில் பிலடெல்பியாவிடம் தோற்றது. பிரிவை வென்ற அணி ஆடுவதைப் ‘புறனடைத் தொடர்’ என்பது எப்படி?

மா. எழுதியது:

ஆங்கிலப் பெயரிலும் அதே முரண் இருக்கிறதே. அதைப் பொறுத்துக்கொள்பவர்கள் தமிழில் மட்டும் துல்லியம் கேட்பானேன்?

க. எழுதியது:

அது நியாயமான கேள்வி. ஆனாலும் என் வாக்கு வைல்டு கார்டுக்கே.

இ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி ‘வைல்டு கார்டு’ என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் ‘பிரிவை வெல்லாத அணிகளுக்கான இடம்’ என்று விளக்கம் சேர்க்கிறேன். 2022 முதல் நடக்கும் தொடரை ‘முதல் சுற்று’ என்று எழுதிவிடுகிறேன்.

மா. எழுதியது:

உடன்பாடில்லை. நூலின் இறுதியிலுள்ள சொற்பட்டியலிலாவது ‘புறனடை இடம்’ என்று ஒரு வரி சேருங்கள். பட்டியல் தனித்தாளில் அச்சாகிறது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். திங்கள் வரை நேரம் இருக்குமே?