உதவி: சிங்கப்பூரிலிருந்து திரும்பும் தம்பியின் சம்பளம் "வரி கிளியரன்ஸ்" என்று நிறுத்தப்பட்டிருக்கிறது

ஹட்டன் அக்கா:
தம்பி ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வேலை செய்கிறான். ஆகஸ்ட் 1ஆம் திகதி இராஜினாமா கொடுத்தான். 31ஆம் திகதி கடைசி நாள், செப்டம்பர் 4 விமானம். ஐந்தாம் திகதி வரவேண்டிய ஜூலைச் சம்பளம் வரவில்லை. சம்பளச் சிட்டையில் 3,300 டாலர் என்று போட்டு, கீழே "வரி கிளியரன்ஸுக்காக நிறுத்தம்", கைக்கு வருவது 0 என்றிருக்கிறது. ஆகஸ்ட் சம்பளமும் இப்படித்தானாம். எங்கள் 7 பேர்ச்சஸ் காணியில் சுவர் எழும்பிவிட்டது, கூரைத் தகரத்துக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். அம்மா இரவில் தூங்குவதில்லை. கம்பனி ஏமாற்றுகிறதா?

பண்டாரவளையிலிருந்து:
முதலாளியிடம் விடுமுறை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாமே. சம்பளம் முழுதாகக் கிடைத்திருக்கும்.

தலவாக்கலை அண்ணன்:
தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். வேலையை விட்டாலும் சரி, மூன்று மாதத்துக்கு மேல் வெளியே போனாலும் சரி, வரிக் கணக்கை முடிக்கும் இந்தக் கிளியரன்ஸுக்கு முதலாளி அதே படிவத்தைத்தான் அனுப்ப வேண்டும். வரிப் பாக்கியும் எங்கும் போய்விடாது.

தங்கச்சி, அம்மாவிடம் சொல்லுங்கள், இது ஏமாற்று இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விடுகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, அவருக்குச் சேரவேண்டிய சம்பளம், லீவுப் பணம், போனஸ் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க அங்குள்ள சட்டமே முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே அவர்கள் ஐ.ஆர். 21 படிவத்தை வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். அது முதலாளியின் கடமை, தம்பியுடையது அல்ல. படிவம் கிடைத்ததிலிருந்து 30 நாள், அல்லது கிளியரன்ஸ் வரும்வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் நிறுத்தலாம்.

நிறுத்திய தொகை வேறு, வரி வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் நானும் 2016இல் வீணாக அழுதேன். தம்பிக்கு இந்த வருடம் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதம் 3,300 என்றால் 26,400. உழைப்பாளிக்கான 1,000 கழிவு போக 25,400. இந்த வருடம் அங்கே 183 நாள் தாண்டியதால் வரிக் கணக்கில் அவன் வதிவாளர், அதாவது அங்கு வசிப்பவன். முதல் 20,000க்கு வரி இல்லை, மிச்சம் 5,400க்கு 2 சதவீதம். மொத்தம் 108 டாலர். போன வருட வரியைத் தவணையில் கட்டிக்கொண்டிருந்தால், அந்த மிச்சத்தையும் ஒரேயடியாக எடுப்பார்கள். மீதி அவனுக்குத்தான்.

படிவம் எந்தத் திகதியில் போனது என்று கேட்கச் சொல்லுங்கள், பிரதியும் வாங்கட்டும். வங்கிக் கணக்கை மூடவே வேண்டாம். சிங்பாஸும் (அரசு இணையச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு) அங்குள்ள கைத்தொலைபேசி எண்ணும் உயிரோடிருக்கும்போதே வரி அறிவித்தல்களைத் தரவிறக்கி வைக்கட்டும்.

ஹட்டன் அக்கா:
அண்ணா, நேற்று அவன் போய்க் கேட்டான். படிவத்தை ஆகஸ்ட் 20ஆம் திகதிதான் அனுப்பியிருக்கிறார்கள்! இத்தனை நாள் அது மேசையிலேயே கிடந்திருக்கிறது. பிரதியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

தலவாக்கலை அண்ணன்:
தாமதம் அவர்களுடையது, பிழையும் அவர்களுடையது. செப்டம்பர் 19 வரை பாருங்கள். அதற்குப் பிறகும் தராவிட்டால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சில் முறையிடலாம். அவன் அங்கிருக்கும்போதே சம்பளச் சிட்டைகளையும் இராஜினாமாக் கடிதத்தையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஹட்டன் அக்கா:
எல்லாம் அனுப்பிவிட்டான். அம்மாவுக்கு அந்த 108 கணக்கைக் கொப்பியில் எழுதிக் காட்டினேன், மூன்று தடவை வாசித்தார். தகரக் கடைக்காரரிடம் மாத முடிவு வரை தவணை கேட்டிருக்கிறேன், சம்மதித்தார். பணம் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன் அண்ணா.