விமானத்தில் போனால் மட்டும் பாட்டில் கசிகிறது, என்ன செய்வது?

நுரைக்குமிழி: ஷாம்பூ, தலைக்கு எண்ணெய், பம்ப் வைத்த லோஷன் மூன்றும் சின்ன அளவில் தயாரித்து விற்கிறேன். லாரியில் போகும் பெட்டிகளுக்குப் புகாரே இல்லை. விமானத்தில் போனால் மட்டும் பாட்டிலெல்லாம் பிசுபிசுப்பு. மூடிமேல் டேப் சுற்றினேன், டேப்புக்குள்ளேயே ஊறி நிற்கிறது.

மூடிக்காரன்: டேப்பை விடுங்கள். மூடி கழலாமல் பார்க்கும், அவ்வளவுதான். பறக்கும்போது சரக்கு அறையில் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் குறையலாம். அழுத்தத்தை அளக்கும் அலகில் சொன்னால் தரையில் சுமார் 101 கிலோபாஸ்கல், அங்கே 75. பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று வெளியே தள்ளும். பாட்டில் படுத்திருந்தால் வாய்ப்பக்கம் இருப்பது ஷாம்பூ, அதுதான் முதலில் வரும். பாட்டில் வாயில், மூடிக்கு அடியில், ஒட்டிய தகடு, அதாவது ஃபாயில் சீல் இருக்கிறதா?

நுரைக்குமிழி: எண்ணெய்க்கு மட்டும் இருக்கிறது, அமுக்கினால் ஒட்டும் வகை. அதுவும் கசிகிறது.

மூடிக்காரன்: அது எண்ணெய்க்குத் தாங்காது. சூடாக்கி ஒட்டும் இண்டக்‌ஷன் சீல் போடுங்கள், ஷாம்பூவுக்கும் அதுவே. ஃபாயிலின் அடிப்பூச்சு பாட்டிலின் பிளாஸ்டிக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எச்டிபிஇ (HDPE) என்ற பிளாஸ்டிக் பாட்டிலுக்கான ஃபாயிலை பெட் (PET) என்ற வேறு வகை பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போட்டால் சரியாகப் பிடிக்காது. நிரப்பும்போது விளிம்பில் எண்ணெய் பட்டால் துடைத்துவிட்டு மூடுங்கள். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

லோஷன்அக்கா: பம்பை நம்பாதீங்க தம்பி. லோஷன் வெளியே வர வர உள்ளே காற்று போக அதில் ஒரு வழி இருக்கும். பூட்டினாலும் எல்லா பம்பிலும் அந்த வழி அடைபடாது. நான் ஃபாயில் போட்டு சாதா மூடியோடு அனுப்புகிறேன், பம்பைத் தனியாகப் பெட்டியில் வைத்துவிடுவேன்.

நுரைக்குமிழி: வாங்குபவர் திட்டமாட்டாரா அக்கா?

லோஷன்அக்கா: ஒழுகின பாட்டிலுக்குத் திட்டுவதைவிடக் குறைவாகத்தான்.

மூடிக்காரன்: அனுப்புமுன் சோதித்துவிடுங்கள். காற்றை உறிஞ்சி எடுக்கும், அழுத்த மீட்டர் வைத்த வாக்குவம் டப்பாவில் டிஷ்யூ விரித்து, பாட்டிலைப் படுக்க வைத்து, வெளிக்காற்றைவிட 40 கிலோபாஸ்கல் குறைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். கிட்டத்தட்ட 13,000 அடி உயரத்தில் இருப்பதுபோல். அழுத்தம் சீராக்காத சின்ன விமானங்களும் இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு. மூடி போட்ட மறுநாள் சோதியுங்கள். பிளாஸ்டிக் தளர்ந்து இறுக்கம் குறைந்திருக்கும், உண்மை நிலை அப்போதுதான் தெரியும்.

நுரைக்குமிழி: பழைய பாட்டில்களைச் சோதித்தேன். ஷாம்பூ ஃபிளிப் மூடியின் கீல் பக்கம் நனைகிறது, எண்ணெய் விளிம்பில். இண்டக்‌ஷன் சீலுக்குச் சொல்லிவிட்டேன். அதுவரை விமானப் பார்சல் எடுக்கவில்லை.