டெக்சாஸ்: ஃபென்டனில் சோதனைப் பட்டை கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, இது சரியா?

டாலஸ்_ரவி (ஜூன் 2023)
ஃபென்டனில் என்பது துளி அளவிலேயே ஆளைக் கொல்லும் செயற்கை வலிநிவாரணி; போதைப்பொருளில் அது கலந்திருக்கிறதா என்று காட்டும் காகிதத் துண்டுதான் சோதனைப் பட்டை. அந்தப் பட்டையைச் சட்டத்தின் 'போதைக் கருவி' பட்டியலிலிருந்து நீக்கும் எச்பி 362 மசோதா கீழவையில் 143–2 என்று தேறியது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வராமல், போன மாதம் கூட்டத்தொடரோடு செத்துப்போனது. ஆளுநர் அபாட்டே ஆதரித்தது இது. எனக்கு மனசு ஆறவில்லை.

கேட்டி_சுந்தரம்
நான் செனட் பக்கம். பட்டை வைத்திருந்தால் சி வகுப்பு, அதாவது மிகச் சிறிய வகைக் குற்றம், 500 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். அதற்குச் சிறைத் தண்டனையே கிடையாது. அப்புறம் சட்டத்தை மாற்றி எந்தச் சிறையைக் காலி செய்யப்போகிறோம்? 'சோதித்துவிட்டுப் போடு' என்று அரசாங்கமே பிள்ளைகளிடம் சொல்வதுபோல ஆகும். என் வீட்டிலும் கல்லூரிப் பையன் இருக்கிறான்.

செவிலி_செல்வி
சுந்தரம் அண்ணா, வைத்திருந்தால் அபராதம், சரி. கொடுத்தால்? அது ஏ வகுப்பு, சிறு குற்றங்களில் மிகக் கடுமையானது: ஓராண்டு வரை கவுண்டி (மாவட்ட) சிறை, 4,000 டாலர் வரை அபராதம். உயிரைக் காக்கக் கொடுப்பவருக்குத்தான் பெரிய தண்டனை. புரொபேஷனில், அதாவது சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில், இருப்பவருக்கோ அந்தச் சி வகுப்பே ஆபத்து. புதுக் குற்றம் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை.

நான் ஒரு கவுண்டி சிறையில் வேலை பார்த்தவள். விடுதலையன்று ஒரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள்: பெல்ட், சார்ஜ் இல்லாத போன், கைதான அன்று போட்டிருந்த சட்டை. மாதக்கணக்கில் போதைப்பொருளைத் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை விடுதலையானவர்களை வைத்து நடந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிச் சாகும் அபாயம் மற்ற மக்களைவிட 129 மடங்கு. அந்தப் பையில் ஒரு பட்டை போட்டுவிட என் கை துடித்திருக்கிறது.

கேட்டி_சுந்தரம்
129 என்பது கனமாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் பட்டை எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லாது. போதைப்பொருளில் கலக்கப்படும் சைலசீன் என்ற கால்நடை மயக்க மருந்தைக் காட்டாது. மாத்திரையின் ஒரு மூலையில் இல்லாதது மறு மூலையில் இருக்கும். 'இல்லை' என்று வந்ததை நம்பி ஒருவன் செத்தால் யார் பொறுப்பு?

டாலஸ்_ரவி
அந்தக் குறை உண்மை. அதனால்தான் ஒரு துணுக்கை மட்டும் எடுக்காமல் முழுவதையும் தண்ணீரில் கரைத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஒரு கோடு என்றால் ஃபென்டனில் உண்டு, இரண்டு என்றால் தென்படவில்லை. கர்ப்பச் சோதனைக்கு நேர்மாறு! இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருபவரையே குற்றவாளி ஆக்கினால் எப்படி? பென்சில்வேனியாவிலும் ஒஹாயோவிலும் இந்த ஆண்டு தடை நீங்கிவிட்டது.

செவிலி_செல்வி
அண்ணா, சிறைப் பக்கமே போகாத பிள்ளையும் 'பெர்கோசெட்' என்ற வலி மாத்திரை என்று நம்பிப் போலி மாத்திரை வாங்குகிறான். அவனுக்கும் பட்டை கிடைக்கட்டுமே.

கேட்டி_சுந்தரம்
விடுதலைப் பையில் வைப்பதற்கு மட்டும் விலக்கு கேட்டு என் தொகுதி செனட்டருக்கு எழுதுகிறேன். கடையில் விற்பதற்கு என் ஆதரவு கிடையாது.