இடுப்பு மூட்டு தளர்ந்த குட்டி: மாடி வீட்டில் வளர்க்க முடியுமா?

கேள்வி: அஸ்தம்பட்டி தையல்காரி

வணக்கம். அடிபட்ட நாய்களை எடுத்துத் தேற்றும் ஒருவர் கன்னங்குறிச்சியில் இருக்கிறார். ஏற்காடு அடிவாரத்தில் கிடைத்த ஒரு பெண் குட்டி இப்போது அவரிடம் வளர்கிறது. வயது நான்கு மாதம் இருக்கலாம் என்கிறார். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் போலத் துள்ளுகிறது. உட்காரும்போது இடது கால் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு ஆழம் போதவில்லை, தொடை எலும்பின் தலை அதில் தளர்ந்து நிற்கிறது, வாழ்நாள் முழுக்கத் தொல்லை இருக்கும் என்று சொல்லிவிட்டாராம்.

நாங்கள் இருப்பது முதல் மாடி வாடகை வீடு. வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதித்துவிட்டார். இதை ஊரில் யாரும் நம்பவில்லை. தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ். தையல் வேலை என்பதால் பகல் முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். “நல்ல காலோடு எத்தனையோ குட்டிகள் தெருவில் கிடக்க, இதுதானா கிடைத்தது?” என்கிறார் மாமியார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேதான் இதைக் கேட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பாவம் பார்க்க எனக்கே தெரியும், அதற்கு ஆள் வேண்டாம். இப்படிப்பட்ட நாயை வளர்த்தவர்கள் வலி, செலவு, மாடிப்படி ஆகிய மூன்றையும் பற்றி உள்ளபடி சொல்லுங்கள்.

பதில்: நாகலூர் காப்பித்தோட்டம்

சகோதரி, இதே கோளாறுள்ள லாப்ரடார் கலப்பு ஒன்று எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் எழுந்ததும் பின்னங்கால் விறைத்துக்கொள்ளும். களம் வரை மெல்ல நடந்தால் இளகிவிடும். பிறகு மிளகுக் கொடிகளுக்கிடையே குரங்கைத் துரத்தப் போய்விடுவான். அன்று மாலையே அதற்கான வலியும் வந்துவிடும். வலி தினமும் ஒரே அளவில் இருப்பதில்லை. முந்தைய நாள் என்ன செய்தான் என்பதைப் பார்த்துத்தான் அன்றைய நடையை முடிவு செய்கிறோம்.

முதலில் தரையைக் கவனியுங்கள். டைல்ஸில் கால் வழுக்கி விரியும்போதெல்லாம் தளர்ந்த மூட்டு இன்னும் தேயும். குட்டி நடமாடும் வழி முழுக்கத் தென்னை நார் விரிப்பு போடுங்கள், அடியில் ரப்பர் ஒட்டியதாக இருந்தால் நகராது. நகத்தையும் பாதத்தின் அடியில் வளரும் முடியையும் அவ்வப்போது வெட்ட வேண்டும்.

அடுத்தது எடை. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாக வந்தது. அவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் வாழ்ந்தன. மாமியார் ஒளித்து ஊட்டும் பிஸ்கட்டையும் கணக்கில் சேருங்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்தான் முதலில் ஊட்டுவார்.

செலவு பெரும்பாலும் வலி மாத்திரையில்தான். தொடர்ந்து கொடுத்தால் இடையிடையே சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். நம் வீட்டு இபுபுரூஃபனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் போகும்.

பதில்: நாமக்கல் கால்நடை மாணவி

அக்கா, நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவள்தான், மருத்துவர் அல்ல. ஆனால் வயது விஷயத்தில் தாமதிக்காதீர்கள். இடுப்பெலும்பின் அடியில் உள்ள வளர்ச்சித் தட்டை, அதாவது எலும்பு வளரும் குருத்துப் பகுதியை, முன்கூட்டியே மூடச் செய்யும் ஒரு சிறிய அறுவை சிகிச்சை உண்டு. அதன் பிறகு இடுப்பின் மற்றப் பகுதி எலும்பு வளர வளர, கிண்ணம் திரும்பி எலும்பின் தலையை நன்றாக மூடிக்கொள்ளும். ஏறக்குறைய 20 வாரத்துக்குள் செய்தால்தான் பலன். இந்தக் குட்டிக்கு அது பொருந்துமா என்பதை எக்ஸ்ரேயுடன் நேரில் போய்க் கேளுங்கள். எங்கள் நாமக்கல் கல்லூரி மருத்துவமனைக்கும் வரலாம். வயதும் உத்தேசம்தானே, பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அது கைகூடாவிட்டால், பின்னாளில் வலி மிஞ்சும்போது தொடை எலும்பின் தலையை வெட்டியெடுக்கும் முறை இருக்கிறது. எலும்பு இல்லாத இடத்தைத் தசை தாங்கிக்கொள்ளும். எடை குறைவான நாய்களுக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது. நாட்டுக் குட்டி என்பது இங்கே உங்களுக்குச் சாதகம்.

எலும்புக்கு நல்லது என்று சுண்ணாம்புச் சத்து டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். இந்த வயதில் கூடுதல் கால்சியத்தை ஒதுக்கும் திறன் குட்டியின் குடலுக்கு இல்லை. வெறும் சோறும் எலும்பில்லாத கறியும் கொடுத்தாலோ நேர்மாறாக எலும்பு மெலிந்துவிடும். குட்டிகளுக்கான தீவனம் கொடுப்பதே போதும்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை பெரியவர்

எல்லோரும் மருந்தைச் சொன்னீர்கள், மாடிப்படியை யாரும் தொடவில்லை. இப்போது கையில் அடங்குகிறது. வளர்ந்தால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு நான்கு முறையாவது கீழே இறக்க வேண்டும், மழையிலும் காய்ச்சலிலும். யார் தூக்குவது? அம்மா, நீங்கள் ஒருவர்தான் என்றால் வேண்டாம் என்பேன். கீழ்வீடு காலியாகும் வாய்ப்பு உண்டா என்று அந்த நல்ல வீட்டுக்காரரையே கேளுங்கள்.

அஸ்தம்பட்டி தையல்காரி

ஐயா, நேராகக் கேட்டதற்கு நன்றி. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், காலையும் இரவும் அவர் தூக்குவார். பகலில் நான். கீழ்வீடு தை மாதம் காலியாகிறது, கேட்டிருக்கிறோம். தங்கை சொன்னபடி வியாழக்கிழமை குட்டியையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு நாமக்கல் போகிறோம். அறுவை சிகிச்சை உண்டோ இல்லையோ, குட்டி எங்களோடுதான் திரும்பும்.

படியிறங்கும்போது வயிற்றுக்கடியில் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க, கெட்டியான ஜீன்ஸ் துணியில் ஒரு பட்டை தைக்கலாம் என்றிருக்கிறேன். நாகலூர்க்காரரே, ஒரு சாண் அகலம் போதுமா? உள்பக்கம் பஞ்சு வைக்க வேண்டுமா?