ஸ்பீட் டெஸ்டில் 150, அம்மா முகமோ அசையாமல் நிற்கிறது

2023 தொடக்கத்தில் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் இருந்தேன். வீட்டு வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 150 எம்பிபிஎஸ் (நொடிக்கு 150 மெகாபிட்) காட்டும். உள்ளூர்த் தளங்கள் தட்டியவுடன் திறக்கும். ஆனால் இரவு எட்டரைக்குத் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டால், முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். "கேக்குதாப்பா, கேக்குதாப்பா" என்ற குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்த வாரம் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நெட் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார், சோதித்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்விட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஸ்பீட் டெஸ்ட் தானாகப் பக்கத்துச் சர்வரைத்தான் பிடிக்கும். பட்டியலில் சென்னையைத் தேர்ந்தெடுத்துப் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது: 3 எம்பிபிஎஸ்.

கீழ்வீட்டு அம்மா, "சுறா கேபிளைக் கடித்துவிட்டது" என்றார். நெட் மந்தமானால் அந்த ஊரில் எல்லாரும் சொல்வது அதுதான். உண்மையில் நாடு விட்டு நாடு இணையத்தைக் கொண்டுபோகும் கடலடி கேபிள்களைப் பெரும்பாலும் சேதப்படுத்துவது கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலையும். அப்போது வியட்நாமுக்கு இருந்தவை ஐந்து கடலடி கேபிள்கள். அந்தப் பிப்ரவரியில் ஐந்திலுமே முழுதாகவோ பகுதியாகவோ பழுது! மிச்சமிருந்த வழியில் நாடே நெருக்கியடித்துக்கொண்டு போனது.

கேபிளை நாம் ஒட்ட முடியாது. நேரத்தை மாற்றலாம். இரவு எட்டிலிருந்து பதினொன்று வரைதான் கூட்டம். அங்கே காலை ஏழு என்றால் நம் ஊரில் ஐந்தரை, அம்மா வாசல் தெளிக்கும் நேரம். அப்போது கூப்பிட ஆரம்பித்தேன். போட்ட கோலத்தைப் போனைத் திருப்பிக் காட்டுவார், ஒரு புள்ளிகூடக் கலங்காமல் தெரியும்.

சென்னை அலுவலகக் கோப்புகளுக்கு வேறு வழி. தொலைதூர இணைப்பில் கொஞ்சம் தரவு வந்ததும், வந்து சேர்ந்தது என்ற பதில் திரும்பிப் போக வேண்டும். தூரம் கூடக் கூட அந்தக் காத்திருப்பும் கூடும். ஒரே கோப்பை எட்டுத் துண்டாகப் பிரித்து ஒரே சமயத்தில் இறக்கும் டவுன்லோட் மேனேஜர் போட்டேன், நன்றாகவே வேகம் கூடியது. சிங்கப்பூர் விபிஎன் (இணைப்பைச் சிங்கப்பூர் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) சில நாள் உதவியது, சில நாள் இன்னும் மோசமாக்கியது. அது எந்தப் பாதையில் போகிறது என்பதைப் பொறுத்தது.

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்:

உங்களுக்கு நேர்மாறு எனக்கு. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, ஊருக்குப் போட்டிம் (Botim) என்ற செயலியில் பேசுவதில் ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் லண்டனில் இருக்கும் எங்கள் சர்வர் ஊர்ந்தது. நானும் முதலில் ரவுட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் சென்னைக்கும் லண்டனுக்கும் தனித்தனியாகப் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தேன். மேற்குப் பக்கம்தான் அடைப்பு. லண்டன் கோப்புகளை இரவில் இறங்க விட்டுவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் வந்திருந்தன.