கலைச்சொல்: கிளினிக்கல் ஆட்டாப்சி – ‘இசைவுக் கூறாய்வு’ சரிவருமா?

ந. (நோயியல்)

குழுவினருக்கு வணக்கம்.

நோயாளர் பாதுகாப்புச் சொல்தொகுதியில் ‘ஆட்டாப்சி’க்கு நேரே பிரேதப் பரிசோதனை, உடற்கூறாய்வு என இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டுமே விபத்து, தற்கொலை, கொலைச் செய்திகளில் அடிபடுபவை. போலீஸ் கேட்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174) நடப்பது அது. உறவினர் சம்மதம் அதற்குத் தேவையில்லை. வார்டில் நோயால் இறந்தவருக்கு, நாம் நினைத்த நோய்தானா, எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க, குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கி நோயியல் துறை செய்வது முற்றிலும் வேறு. அதுதான் கிளினிக்கல் ஆட்டாப்சி. ‘உடற்கூறாய்வுக்குக் கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்ட மாத்திரத்தில் ‘என்ன, போலீஸ் கேஸா?’ என்று குடும்பம் பதறுகிறது. பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

‘இசைவுக் கூறாய்வு’ என்பதை முன்மொழிகிறேன். போலீஸ் வழி நடப்பதைச் ‘சட்டக் கூறாய்வு’ எனலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பாஸ்டனில் ஒரே மருத்துவமனையில் 1960, 1970, 1980 ஆகிய ஆண்டுகளிலிருந்து தலா 100 கூறாய்வுகளை எடுத்து ஒப்பிட்டு, கோல்ட்மேன் குழு 1983இல் வெளியிட்டது. தெரிந்திருந்தால் சிகிச்சையே மாறி ஆயுள் நீண்டிருக்கக்கூடிய பெரிய நோய், சுமார் 10 விழுக்காட்டினரிடம் பிடிபடாமல் போயிருந்தது. அந்த இருபது ஆண்டுகளுக்குள் அல்ட்ராசவுண்டு, சி.டி. எல்லாம் வந்துவிட்டன, விழுக்காடு இறங்கவில்லை. 2003இல் ஷோஜானியா குழு பல ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இந்த வகையின் இடைநிலை மதிப்பு 9 விழுக்காடு. இன்னொரு பக்கம், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இருந்த குறைந்தபட்சக் கூறாய்வு விழுக்காடு நிபந்தனை 1970களின் தொடக்கத்திலேயே நீங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாதி இறப்புகளுக்கு நடந்த கூறாய்வு, இன்று பத்தில் ஒன்றுக்கும் கீழே.

செ. (தீவிர சிகிச்சை)

> இசைவுக் கூறாய்வு

இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, மருத்துவமனைகளில் புழங்குவது ‘ஒப்புதல் படிவம்’. இசைவு என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. ‘ஒப்புதல் கூறாய்வு’ என்றே வைக்கலாமே?

இரண்டு, ‘கூறு’. ‘உடம்பைக் கூறு போடாதீங்க’ என்பதுதான் உறவினர் வாயில் முதலில் வருவது. நாமே அதைச் சொல்லில் வைத்துக் கொடுக்கிறோம். ‘இறப்பாய்வு’ என்றால் மென்மையாக இருக்கும்.

எண்களைப் பற்றியும் ஒன்று. எல்லா இறப்புக்கும் கூறாய்வு நடப்பதில்லை. சந்தேகம் உள்ளதைத்தானே அனுப்புகிறோம். அதனால் தவறியவை கூடுதலாகத்தான் தெரியும்.

ந. (நோயியல்)

செ. ஐயாவுக்கு,

கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். ஷோஜானியா குழு அந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துத் திருத்திப் பார்த்தது. அன்றைய அமெரிக்க மருத்துவமனையில் முதல் வகை (தெரிந்திருந்தால் ஆயுள் நீண்டிருக்கக்கூடியது), எல்லா இறப்புகளுக்கும் கூறாய்வு நடந்தால் 4.1 விழுக்காடும், 5 விழுக்காட்டுக்கு மட்டும் நடந்தால் 6.7 விழுக்காடும் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பாதியாகக் குறைத்தாலும் சிறிய எண் இல்லை. தவிர, சந்தேகம் இருப்பதை மட்டும் அனுப்புவதிலேயே கோளாறு இருக்கிறது. ‘காரணம் உறுதி’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டவற்றிலும் தவறியவை கிடைக்கின்றன.

‘ஒப்புதல்’ எனக்கும் முதலில் தோன்றிய சொல்தான். ஆனால் போலீஸ் வாடையைப் போக்கத்தானே புதுச் சொல் தேடுகிறோம்? ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற தொடர் எல்லார் காதிலும் ஏறியிருக்கிறது. படிவத்தின் பெயர் ஒப்புதல் படிவமாகவே இருக்கட்டும், ஆய்வின் பெயரில் இசைவு போதும்.

‘இறப்பாய்வு’ அகலமான சொல். டெத் ஆடிட்டும் (மருத்துவமனை இறப்புகளை மருத்துவர்கள் கூடிப் பரிசீலிப்பது) இறப்பாய்வுதான், வீட்டுக்குப் போய் உறவினரிடம் கேட்டுக் காரணம் குறிக்கும் வாய்மொழி முறையும் இறப்பாய்வுதான். அதைவிட முக்கியமாக, உடல் திறக்கப்படும் என்பதை மறைக்கும் சொல் நமக்கு வேண்டாம். லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில் இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது அம்பலமாகி, 2001இல் விசாரணை அறிக்கை வந்து, 2004இல் பிரிட்டனில் மனிதத் திசுச் சட்டமே வந்தது. ‘திசு’ என்று படிவத்தில் இருந்ததை முழு உறுப்பு என்று பெற்றோர் எண்ணவில்லை. எனவே கூறு இருக்கட்டும். எவ்வளவு கூறு என்பதைப் படிவம் சொல்லட்டும். முழு உடலா, மார்பும் வயிறும் மட்டுமா, தலை வேண்டாமா, ஊசியால் திசு மாதிரி எடுப்பது மட்டுமா என்று தனித்தனிக் கட்டம். உறுப்பை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு இன்னொரு கட்டம். மூளையை ஃபார்மலினில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டு இறுக வைத்தால்தான் சீராக வெட்ட முடியும். உடலோ அன்றே வீட்டுக்குப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆல்டர் ஹேதான்.

வ. (கதிரியல்)

அப்படியானால் சி.டி. மட்டும் எடுப்பதை ‘மெய்நிகர் உடற்கூறாய்வு’ என்று பத்திரிகைகள் எழுதுவது சரியா? அங்கே கூறே கிடையாதே. ‘இறப்புக்குப் பின் படமெடுப்பு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டும் சமம் என்ற எண்ணம் வரும். மான்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் 182 உடல்களில் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், இறப்புக் காரணம் பெரிய அளவில் மாறுபட்டது சி.டி.யில் 32 விழுக்காடு, எம்.ஆர்.ஐ.யில் 43 விழுக்காடு. தவறியவற்றில் முன்னால் நின்றவை இதயத் தமனி நோய், நுரையீரல் தமனி அடைப்பு, நிமோனியா. வார்டிலும் நழுவுபவை இவைதாம். எலும்பு முறிவு, ரத்தக்கசிவு, நெஞ்சறையில் காற்று – இவற்றுக்குப் படம் நன்று.

ந. (நோயியல்)

வ. அம்மா சொல்வதை ஏற்கிறேன்.

நுரையீரல் தமனி அடைப்பைக் கையால்தான் தீர்மானிக்க முடியும். நுரையீரலை வெளியே எடுப்பதற்கு முன், இருந்த இடத்திலேயே தமனியைத் திறக்க வேண்டும். நுரையீரலின் வேரை (ரத்தக்குழாய்கள் உள்ளே நுழையும் இடத்தை) முதலில் வெட்டிவிட்டால் கட்டி ரத்தத்தோடு நழுவி விழுந்துவிடும், எங்கே இருந்தது என்றே தெரியாது. கிடைத்த கட்டி ஈரமாக, பளபளப்பாக, ரப்பர்போல் இழுபட்டு, மேல்பகுதி கோழிக்கொழுப்பு மஞ்சளாகவும் அடிப்பகுதி கருஞ்சிவப்பாகவும் இருந்தால் அது இறந்த பின் உறைந்தது. வறண்டு, மங்கி, தொட்டால் உதிர்ந்து, வெட்டினால் வெளுப்பும் கறுப்புமாக அடுக்கடுக்காகத் தெரிந்து, கிளைக்குப் பொருந்தாமல் மடிந்து சுருண்டிருந்தால் கால் சிரையிலிருந்து வந்தது. உடனே கெண்டைக்காலைத் திறந்து பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் நுண்ணோக்கி.

இரண்டுக்கும் நம் தொகுதியில் ‘ரத்தக்கட்டி’ என்று ஒரே சொல். முன்னதை ‘பின்னுறைவு’, பின்னதை ‘உயிர்க்கால உறைகட்டி’ என்று பிரிக்கலாமா?

வார்டுக்கு ஒரு குறிப்பும் பதிவில் சேரட்டும்: இசைவு கேட்கப் போகும் உடலிலிருந்து மூச்சுக்குழல் டியூப், மைய சிரை வடிகுழாய், டிரெயின் எதையும் உருவக்கூடாது. தோலருகே கட்டி, அதற்கு மேலே வெட்டி விட்டால் போதும். டியூப் உணவுக்குழலில் இருந்ததா, வடிகுழாய் முனை நெஞ்சறைக்குள் துளைத்துவிட்டதா என்பது உருவிய பின் யாருக்கும் தெரியாது. நர்ஸ்கள் உடலைச் சுத்தம் செய்து ஒப்படைக்கும் நல்லெண்ணத்தில்தான் இந்தச் சான்று அழிகிறது.

செ. (தீவிர சிகிச்சை)

இசைவுக் கூறாய்வுக்கு என் ஓட்டு. பின்னுறைவு நன்றாக இருக்கிறது. ‘உயிர்க்கால’ கொஞ்சம் நீளம், ‘முன்னுறைகட்டி’ போதாதா?

அடுத்தது ‘டிஸ்கிரிப்பன்சி’, அதாவது வார்டில் எழுதிய நோயும் கூறாய்வில் கண்டதும் பொருந்தாமல் போவது. தொகுதியில் ‘நோயறிதல் பிழை’ என்றிருக்கிறது. டெத் ஆடிட்டில் அந்தச் சொல்லைத் திரையில் போட்டால் கேஸ் பார்த்தவர் வாயே திறக்க மாட்டார். அடுத்த முறை கூறாய்வுக்கே அனுப்ப மாட்டார்.

ந. (நோயியல்)

‘முன்’ என்றால் எதற்கு முன் என்ற கேள்வி வரும். நீளமாகவே இருக்கட்டும்.

‘பிழை’யை மாற்றத்தான் வேண்டும், ஆனால் காரணம் யாருடைய மனமும் நோகக்கூடாது என்பதல்ல. கோல்ட்மேன் வகைப்பாடு யார் தவறு செய்தார் என்று கேட்பதே இல்லை. தெரிந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்றுதான் கேட்கிறது. வகை 1: பெரிய நோய் தவறியது, தெரிந்திருந்தால் சிகிச்சையும் ஆயுளும் மாறியிருக்கலாம். வகை 2: பெரிய நோய்தான், தெரிந்திருந்தாலும் மாறியிருக்காது. வகை 3, 4 சிறியவை. அட்மிட்டாகி அரை மணியில் இறந்தவரின் பெருந்தமனிக் கிழிசல் தவறியது முரண்தான், ஆனால் அதில் யார் பிழை? மாறாக, ரத்தம் மெலிக்கும் மருந்தை எழுதி, கொடுக்காமல் விட்டது பிழை. ஆனால் அது கேஸ் ஷீட்டில்தான் கிடைக்கும், கூறாய்வு மேசையில் கிடைக்காது. அதனால் ‘நோயறி முரண்’. ‘வேறுபாடு’ என்று இன்னும் மழுப்ப வேண்டியதில்லை.

மறுப்பு வராவிட்டால் ஏற்றப்போகும் பதிவு:

இசைவுக் கூறாய்வு: நோயால் இறந்தவரின் உடலை, நெருங்கிய உறவினர் எழுத்தில் தந்த இசைவின் வரம்புக்குள் திறந்து, நோயறிதலையும் சிகிச்சையின் விளைவையும் சரிபார்த்தல். சட்டக் கூறாய்வுக்கு உரிய இறப்புகளில் செய்யப்படுவதில்லை.

நோயறி முரண்: இறப்புக்கு முன் எழுதப்பட்ட நோயறிதலுக்கும் கூறாய்வில் கண்டதற்கும் உள்ள பொருந்தாமை. வகை 1 முதல் 4 வரை.

‘பிரேத பரிசோதனை’ இலங்கையில் சட்ட வைத்திய அதிகாரி செய்வதைக் குறிக்க ஊன்றிய சொல். அதை இணைச்சொல்லாகச் சட்டக் கூறாய்வின் கீழ் மட்டும் வைக்கிறேன். அங்குள்ள உறுப்பினர்கள் பார்த்துச் சொல்லவும்.